பூரணம் கேட்ட வெடி

பாலையடிக்குளத்தில் துவக்கு வெடித்தால் அந்த வெடி சுட்டவனுக்குச் சொந்தமில்லை, கேட்டவர்களுக்கே சொந்தம் என்று முதன்முதலில் சொன்னவர் யாரென்று அந்த ஊரில் எவருக்கும் தெரியாது. ஆனால் குளத்தைக் கட்டியவர்கள் கடைசி மண்கூடையைக் கொட்டிவிட்டுப் பசித்துக் கிடந்த அன்று காட்டுக்குள் எங்கோ ஒரு வெடி கேட்டு, அந்தத் திக்கை நோக்கி நடந்து போய், முகம் தெரியாத ஒரு வெடிகாரனிடம் பங்கு வாங்கித் தின்று உயிர் பிழைத்தார்கள் என்பதால், குளமும் அந்தச் சட்டமும் ஒரே நாளில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் என்று ஊர் நம்பியது.

சட்டம் எளிமையானது. வெடி கேட்டவர் எவராயினும், சுட்ட காட்டுப் பன்றியின் தோல் முழுதாக உரிபடுவதற்கு முன் காட்டோரத்து வீரை மரத்தடிக்கு வந்து, வெடிகாரனுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, “கேட்டனான்”, அதாவது நான் கேட்டேன், என்று சொல்ல வேண்டும். வெடிகாரன் இரண்டே இரண்டு கேள்விகள் கேட்பான்: எத்தனை வெடி, எந்தப் பக்கம். இரண்டுக்கும் சரியாகச் சொன்னவருக்குப் பங்கு உண்டு; பிழையாகச் சொன்னவர் கோயில் தலைவராக இருந்தாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். தலையும் ஒரு பின்னந்தொடையும் வெடிகாரனுக்கு, மிச்சம் கேட்டவர்களுக்குச் சரிபங்கு. ஒருவரும் வராமலே தோல் உரிந்து முடிந்தால் முழுப் பன்றியும் வெடிகாரனுக்கு என்றும் ஒரு வாசகம் அந்தச் சட்டத்தின் வாலில் இருந்தது, ஆனால் அப்படியொன்று நடந்ததாக எவருக்கும் ஞாபகமில்லை. ஊரில் எல்லோருடைய கச்சானையும் மரவள்ளியையும் நெல்லையும் தின்று கொழுத்த பன்றி எல்லோருடைய உடம்பும்தானே என்று அவர்கள் நினைத்தார்கள். கடைக்கார மகேசன் ஒருமுறை தார் ரோட்டில் லொறி ரயர் வெடித்ததைக் கேட்டு ஓடிவந்து, “கேட்டனான், ஒண்டு, ரோட்டுப் பக்கம்” என்று மூச்சிரைக்கச் சொன்னதும், அன்று முழுவதும் அவனுக்கு ரயர்த் துண்டில் பங்கு தருவதா ரியூப்பில் தருவதா என்று ஊர் கூடி ஆராய்ந்ததும் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிற கதை. சண்டை நடந்த வருஷங்களில் கேட்ட வெடிகளுக்கு ஒருவரும் பங்கு கேட்டு வரவில்லை. அவை வேறு வெடிகள், அவற்றைப் பற்றி வீரை மரத்தடியில் பேசுவதில்லை.

இந்தச் சட்டத்துக்குள் அடங்காத ஒரே ஆள் பூரணம். ஏழு வயதில் வந்த நெருப்புக் காய்ச்சல் போகும்போது அவளுடைய காதின் கேள்வியையும் கையோடு கொண்டு போய்விட்டது. பத்து வயதில் அவளுடைய தமையன் தன் பங்கில் ஒரு துண்டைத் தேக்கிலையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தபோது, அவள் அதை எடுத்துக்கொண்டு தனியே வீரை மரத்தடிவரை நடந்து போய், அங்கே வேரில் வைத்துவிட்டு, “நான் கேக்கேல்ல. கேக்காத இறைச்சி எனக்கென்னத்துக்கு?” என்றாள். தன் குரலை அளக்கத் தெரியாததால் அவள் அதைக் காடு முழுவதற்கும் கேட்கும்படி சொன்னாள். அதன்பிறகு முப்பத்தாறு வருஷம் அவள் வீட்டு அடுப்பில் பன்றி இறைச்சி ஏறவில்லை. அவளைப் பார்த்துப் பாவப்படுவதற்கு ஊர் பல தடவை முயன்று, ஒவ்வொரு தடவையும் தோற்றுப் போனது.

அவள் நீர்ப்பம்பிகள் திருத்துகிறவள். எட்டு ஊர்களின் வோட்டர் பம்ப்கள் அவளுடைய கொட்டிலுக்கு வந்தன. இயந்திரத்தின் நெற்றியில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாளானால், எந்த வால்வு கடிக்கிறது, எந்த ரிங் தேய்ந்திருக்கிறது என்று, காது கேட்கிற மெக்கானிக்குகள் மூன்று நாள் கழட்டிப் பார்த்தும் காணாததைச் சொல்லிவிடுவாள். பம்பின் சைலன்சரைக் கழட்டிக் கரி தட்டுகிறபோதெல்லாம், இது எதைத்தான் நிறுத்துகிறது என்று அவளுக்கு ஒரு சின்ன வியப்பு வரும். அவளைப் பொறுத்தவரை உலகம் முழுவதற்கும் யாரோ ஒரு சைலன்சர் பூட்டியிருந்தார்கள்.

துவக்குக்கும் அப்படியொன்றைப் பூட்டலாம் என்பது குலசிங்கத்தின் மனைவியின் தம்பி நோர்வேயிலிருந்து விடுமுறைக்கு வந்த வருஷம்தான் ஊருக்குத் தெரிந்தது. குலசிங்கம் வெடிகாரன், பயிர்க் காவலுக்கென்று அரசாங்கம் கடதாசி கொடுத்த ஒரேயொரு றைபிள் அவனிடம்தான் இருந்தது, பூரணத்துக்கு அவன் மாமன் மகன். மைத்துனன் கொண்டுவந்த, கறுத்த, முழங்கை நீளமான அந்தக் குழாயைத் துவக்கின் நுனியில் திருகிக்கொண்டு அவன் கடைத்தெருவால் நடந்து போனபோது, பூரணம் கடை வாசலில் கிறீஸ் வாங்கிக்கொண்டு நின்றாள்.

“இதென்னடாப்பா, ஆரின்ரையோ மோட்டச்சைக்கிள் சைலன்சரைக் கழட்டிக்கொண்டு வந்திட்டாய்?” என்றான் மகேசன்.

“சைலன்சர்தான். நோர்வேயில இது இல்லாமல் ஒருத்தனும் காட்டுக்க இறங்கமாட்டான். மிருகம் வெருளாது, சுடுறவன்ரை காது பழுதாகாது, பக்கத்து வீட்டுக் குழந்தை எழும்பாது. நாங்கள்தான் இன்னும் ஊருக்கெல்லாம் தந்தி அடிச்சுப்போட்டுச் சுடுறம்.” குழாய்க்கும் தனியாக ஒரு கடதாசி எடுத்துச் சட்டைப்பையில் வைத்திருந்தான், அதையும் விரித்துக் காட்டினான்.

ஊர் அதற்குச் சத்தந்தின்னி என்று பெயர் வைத்தது. முதல் மாதம் ஊருக்கு அது பிடித்தும் இருந்தது, ஏனென்றால் உண்மையிலேயே குழந்தைகள் திடுக்கிட்டு எழும்பவில்லை, நாய்கள் கட்டிலுக்குக் கீழே போய் ஒளியவில்லை, சண்டைக் காலத்தைத் தாண்டி வந்த பெரியவர்கள் தேநீர்க் கோப்பையைத் தட்டிவிடாமல் குடித்து முடித்தார்கள். மரவள்ளித் தோட்டங்களில் பன்றி கிண்டிய குழிகளும் குறைந்தன. இரண்டாம் மாதம்தான், கச்சான் தோட்டக்காரி யோகமலருக்கு ஒன்று உறைத்தது.

“என்ன குலமண்ணை, பன்றியும் குறையுது, பங்கையும் காணேல்ல?”

“வெடி கேட்டனியே?”

“இல்லை.”

“பிறகென்ன பங்கு?”

அவனில் பிழை சொல்லவும் முடியவில்லை. ஒவ்வொரு பன்றியையும் அவன் ஒழுங்காக வீரை மரத்தடிக்குக் கொண்டுவந்தான், கால் நீட்டிக் கிடத்தினான், யாராவது வருகிறார்களா என்று நாலு பக்கமும் பார்த்தான், தோல் உரிக்கிற கத்தியை ஒருமுறைகூட அவசரப்படுத்தவில்லை. ஒருவரும் வரவில்லை. சட்டத்தின் வாலில் நூறு வருஷமாகச் சும்மா கிடந்த வாசகம் எழும்பி நடந்தது. முழுப் பன்றியும் ஐஸ் பெட்டியில் படுத்துக்கொண்டு நகரத்து ஹோட்டலுக்குப் போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணியளவில், பூரணம் ஒரு பம்பின் அடியில் மல்லாந்து படுத்து நட்டு ஒன்றைத் திருகிக்கொண்டிருந்தபோது அவளுக்கு ஒரு வெடி கேட்டது. முதலில் அது சத்தம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. உள்ளங்கையில் இத்தனை வருஷமாகக் குடியிருந்த ஏதோ ஒன்று கை வழியாக ஏறி, தோளால் நடந்து, பூட்டிக் கிடந்த ஒரு வீட்டுக் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே வந்து, ஒவ்வோர் அறையாகப் போய் ஒவ்வொரு யன்னலையும் படீர் படீரென்று திறந்துவிட்டு, பின்வாசலால் இறங்கி மேற்குக் காட்டுக்குள் உருண்டு உருண்டு தேய்ந்து போனது போல இருந்தது. ஸ்பனர் அவள் நெஞ்சில் விழுந்தது. எழும்பி வெளியே வந்து பார்த்தாள். ரோட்டில் மகேசன் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தான், ஆடுகள் படுத்திருந்தன, ஒரு தலையும் திரும்பவில்லை. கேட்டது தனக்கு மட்டும்தான் என்பது விளங்கியதும் அவளுக்குப் பயம் வரவில்லை. முகம் கழுவவில்லை, எண்ணெய்க் கையைத் துடைக்கவுமில்லை. முப்பத்தாறு வருஷத்துக்கு முன் நடந்த அதே பாதையால் வீரை மரத்தடிக்கு நடந்தாள்.

குலசிங்கம் அப்போதுதான் பன்றியின் முன்னங்காலில் கத்தி வைத்திருந்தான்.

“கேட்டனான்,” என்றாள் பூரணம்.

அவன் சிரித்தான். “மச்சாள், வெயிலுக்க பம்புக்குக் கீழ படுக்காதையெண்டு எத்தினை தரம் சொன்னனான்?”

அவள் அவனுடைய உதடுகளைப் படித்துவிட்டு அசையாமல் நின்றாள். “கேள்வியைக் கேள்.”

“சரி. எத்தினை?”

“ஒண்டு.”

“எந்தப் பக்கம்?”

“மேற்கால. வறண்ட வாய்க்கால் வளைவுக்க. வந்த வெடி பெரிசு. போகேக்க பொடிப் பொடியாய்ப் போச்சுது.”

குலசிங்கத்தின் கத்தி நின்றது. வளைவில்தான் சுட்டான், ஒரு வெடிதான் சுட்டான், அவனைத் தவிர அங்கே ஒரு காகம்கூட இருக்கவில்லை. அவன் பேராசைக்காரனாக இருக்கலாம், ஆனால் வெடிகாரன். சரியான பதிலைப் பிழை என்று சொல்ல அவனுக்கு நாக்கு வரவில்லை. தலையையும் ஒரு பின்னந்தொடையையும் தான் எடுத்துக்கொண்டு, மிச்சப் பன்றி முழுவதையும் பூரணத்தின் கைவண்டியில் ஏற்றிவிட்டான்.

இது எப்படி நடந்தது என்று ஊர் அதிகம் மண்டையை உடைக்கவில்லை. நகரத்துக் காதுடாக்குத்தர் அவளுடைய தலையில் வயர் பூட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு காதும் கல்லுப் போல இருக்கின்றன, ஒன்றும் கேட்க வழியில்லை என்று எழுதிக் கொடுத்தார்; அந்தக் கடதாசியை ஊர் மரியாதையாக வாங்கி மடித்து வைத்துக்கொண்டது. மகேசனின் விளக்கம்தான் எல்லோருக்கும் பிடித்தது. “சத்தமெண்டாலும் தண்ணியெண்டாலும் ஒண்டுதான். ஒரு வாய்க்காலை மறிச்சால் பள்ளத்தைப் பார்த்து ஓடும். எங்கட காதுகளில பழைய சத்தமெல்லாம் நிறைஞ்சு கிடக்கு, இடமில்லை. வெறுமனே கிடந்த காது பூரணத்தின்ரைதான், போய் அங்க விழுந்திட்டுது.” அதற்குமேல் ஒருவரும் கேட்கவில்லை. பெண்கள் பிள்ளைகளின் காதுவலிக்கு அவளிடம் எண்ணெய் வாங்கத் தொடங்கினார்கள், அவள் இயந்திர எண்ணெய்தான் இருக்கிறது என்று விரட்டினாள்.

குலசிங்கம்தான் விடவில்லை. கிழக்கில் சுட்டான், குளத்தின் அக்கரையில் சுட்டான், குழாயின்மேல் ஈரச்சாக்குச் சுற்றிச் சுட்டான். சாக்குச் சுற்றிய அன்று அவள், “இண்டைக்கு வெடிக்குத் தடிமன் பிடிச்சிருக்கு, என்ன?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். வேறெதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. மழை கேட்கவில்லை, தன் பெயர் கேட்கவில்லை, பம்புகள் கேட்கவில்லை. வேறு எவருக்கும் கேளாத அந்த வெடி மட்டும் ஒன்று தப்பாமல் வந்து அவளிடம் ஆஜர் சொல்லிவிட்டுப் போனது.

இப்படி ஆறு பன்றிகள் அவள் முற்றத்துக்கு வந்தன. ஒற்றை ஆளால் எவ்வளவு தின்ன முடியும்? உப்பும் மஞ்சளும் பூசி வேலிக் கம்பியில் வத்தல் போட்டாள், வெயிலும் காற்றும் சேர்ந்து அந்த வாசத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தன, ஊர் எச்சில் விழுங்கிக்கொண்டு வெறும் சொதியோடு சோறு தின்றது. கொடுத்துவிட அவளுக்கு மனமில்லாமல் இல்லை. ஆனால் கேளாதவருக்குக் கொடுக்கிற இறைச்சி எப்படிப்பட்டது என்று அந்த ஊரில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். தான் வாங்க மறுத்ததை மற்றவர் கையில் திணிப்பது அவர்களைத் தன்னைவிடக் கீழே வைப்பதாகும் என்று அவள் நினைத்தாள். ஊரும் அவளிடம் கேட்கவில்லை. இத்தனை வருஷம் அவளைப் பார்த்துப் பார்த்து அவர்களும் வீம்பு பழகியிருந்தார்கள்.

பள்ளிக்கூட அதிபர் புவனேந்திரன் ஒரு வழி கண்டுபிடித்ததாக நினைத்து அவளுடைய கொட்டிலுக்கு வந்தார். “பூரணம், கேட்டனான் எண்டால் ரெண்டு கருத்து. காதால கேக்கிறதும் கேள்விதான், வாயால கேக்கிறதும் கேள்விதான். நான் வாயால கேக்கிறன். அப்ப எனக்குப் பங்கு இருக்கெல்லோ?”

அவள் யோசித்தாள். “இலக்கணத்தில இருக்கும் மாஸ்ரர். வீரை மரத்தடியில இல்லை. வாயால கேட்டு வாங்கினால் அது இரந்து வாங்கினது. நீங்கள் ஏன் என்னட்டை இரக்கவேணும்? நான் கேட்டதை உங்களுக்குக் கேக்கப்பண்ண ஏலாதோ எண்டு பாக்கிறன்.”

அடுத்த நாள் காலை, உழவு இயந்திரத்தின் பழைய சக்கர றிம் ஒன்றை உருட்டிக்கொண்டு போய் வீரை மரத்தின் தாழ்ந்த கொப்பில் சங்கிலியால் கட்டித் தூக்கினாள். தனக்கு ஒரு வெடி கேட்டால் அதில் ஓர் அடி அடிப்பேன், எந்தப் பக்கம் என்று கைகாட்டுவேன், றிம் கேட்டு வருகிறவருக்கு வெடி கேட்டவருக்குரிய பங்கு என்றாள். ஊருக்கு வாயெல்லாம் பல்லு. குலசிங்கம் ஒப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் எல்லோரும் கூடினார்கள்.

“அது இரும்புச் சத்தம், வெடிச் சத்தமில்லை,” என்றான் குலசிங்கம். “அதோட இவ கேக்கிறா எண்டதுக்கு என்ன சாட்சி? மோப்பம் பிடிக்கிறாவோ, எனக்குப் பின்னால ஆள் வைக்கிறாவோ, ஆர் கண்டது?”

இவ்வளவு நாளும் யாரும் பூரணத்தைப் பொய்காரி என்று சொன்னதில்லை. செவிடி என்றிருக்கிறார்கள், திமிர் பிடித்தவள் என்றிருக்கிறார்கள், அதெல்லாம் அவளுக்கு உறைத்ததில்லை. இது உறைத்தது.

“சோதிச்சுப் பார்,” என்றாள்.

பேச்சு முடிவானது. அதிபர் கொப்பியும் மணிக்கூடுமாகக் குலசிங்கத்தோடு காட்டுக்குள் போவார். குலசிங்கம் விரும்பின இடத்தில், விரும்பின நேரத்தில் நாலு வெடி வைப்பான். ஒன்றையாவது தவறவிட்டால் பூரணம் இனி மரத்தடிப் பக்கமே வரக்கூடாது, அவள் கேட்டதெல்லாம் கேட்டதாகாது. நாலையும் சரியாக அடித்தால் றிம் சத்தம் ஊருக்கு வெடிச் சத்தம்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு, றிம்மின் பக்கத்தில் ஸ்பனரோடு, ஊரைப் பார்த்தபடி, காட்டுக்கு முதுகு காட்டி அவள் ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். அறுபது பேருக்குமேல் அவள் முன்னால் நிலத்தில் இருந்தார்கள். பத்தேகாலுக்கு எழும்பி ஓர் அடி அடித்து வடக்கைக் காட்டினாள். பத்தரைக்கு இன்னொன்று, மேற்கு. பிறகு ஒரு மணித்தியாலம் ஒன்றுமில்லை, பிள்ளைகள் சிணுங்கின, மகேசன் எல்லோருக்கும் தேநீர் ஊற்றினான், அவள் குடிக்கவில்லை. பதினொன்றரை தாண்டியதும் மூன்றாவது அடி, மறுபடியும் வடக்கு.

அதன்பின் அவள் ஒரு காட்சியைக் கண்டாள். அவள் முன்னால் இருந்த அறுபது தலைகளும் ஒரே கயிற்றில் கட்டி இழுத்தது போல ஒரே நேரத்தில் கிழக்கே திரும்பின. வீரை மரத்துக் கொக்குகள் வெள்ளைத் துணி உதறியது போலக் கிளம்பின. நாயொன்று வண்டிக்குக் கீழே ஓடியது. யோகமலரின் மடியிலிருந்த பேத்தியின் வாய் மெல்ல மெல்ல விரிந்து முகம் முழுவதும் வாயானது.

பூரணத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை.

குலசிங்கம் குழாயைக் கழட்டிவிட்டான் என்பது அவளுக்கு உடனே விளங்கியது. எல்லோருக்கும் கேட்கிற வெடி அவளுக்குக் கேட்காது; அவளுடைய முழு வாழ்க்கையுமே அதுதானே. ஸ்பனர் கையில் இருந்தது. றிம் எட்டுகிற தூரத்தில் தொங்கியது. கிழக்குப் பக்கம் என்பதைத் திரும்பிய முகங்களே காட்டிக் கொடுத்துவிட்டன. யோகமலர் குழந்தையை அணைத்துக்கொண்டே, “அடியடி, அடி!” என்று உதட்டை மட்டும் அசைத்தாள்; மகேசன் கண்ணைக் காட்டினான்; ஓர் அடி அடித்தால் அறுபது பேரும் சத்தியம் செய்வார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. அடித்தால் பங்கு அவளுடையது, மரத்தடி அவளுடையது. ஆனால் அந்த ஓர் அடியோடு, கேட்ட மூன்றும் பொய்யாகிவிடும்; அன்று பம்பின் அடியில் கதவைத் திறந்துகொண்டு வந்த முதலாவது வெடியும் பொய்யாகிவிடும். வேறெதையும் இழக்கலாம், அதை மட்டும் இழக்க ஏலாது.

அவள் எழும்பி ஸ்பனரை முக்காலியில் வைத்தாள். “இப்ப வெடிச்சது எனக்குக் கேக்கேல்ல,” என்றாள், வழக்கம்போலக் காடு முழுவதற்கும் கேட்கும்படி. “அது உங்கட.”

முக்கால் மணித்தியாலம் கழித்து குலசிங்கம் லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் வந்து இறங்கினான். பெட்டியில் ஒரு தனியன் பன்றி, கொம்புப் பல் சாண் நீளத்துக்கு. குழாயைக் கழட்டிய கையோடு பற்றைக்குள்ளிருந்து அது கிளம்பி நேரே வந்ததாகவும், நிலத்தில் வைக்கவிருந்த நாலாவது வெடியை அவன் கை தன்பாட்டுக்கு அதன் நெற்றியில் வைத்துவிட்டதாகவும் அதிபர் பின்னால் இறங்கிக்கொண்டே சொன்னார். கொப்பியை விரித்து வாசித்தார்: பத்தேகால் வடக்கு, பத்தரை மேற்கு, பதினொன்று முப்பத்தைந்து வடக்கு, பதினொன்று ஐம்பது கிழக்கு, குழாய் இல்லாமல்.

“நாலு வெடி,” என்றான் குலசிங்கம் விரலை உயர்த்தி. “அடி எத்தினை?”

“மூண்டு,” என்றாள் பூரணம்.

“அப்ப முடிஞ்சுது.”

“எங்க முடிஞ்சுது?” யோகமலர் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழும்பினாள். “அண்ணை, நாங்கள் அறுபது பேரும் அவளின்ரை மூஞ்சைக்கு முன்னால கிழக்கை பாத்துத் திரும்பினனாங்கள். நான் அடியெண்டும் சொன்னனான், வெக்கமில்லாமல் சொல்லுறன். கள்ளியெண்டால் அடிச்சிருப்பாள். ஸ்பனரைக் கீழ வச்சாள். கேட்டதைக் கேட்டதெண்டும் கேக்காததைக் கேக்கேல்லையெண்டும் சொல்லுற ஆள் இந்த ஊரில வேறை ஆர் இருக்கினம்? நீயோ?”

குலசிங்கம் வாயைத் திறந்தான். அதற்குள் மகேசன் வந்து அவன் முன்னால் நிமிர்ந்து நின்றான்.

“கேட்டனான்.”

“என்னத்தை?”

“வெடியை. எத்தினையெண்டு கேள்.”

குலசிங்கம் பெட்டியில் கிடந்த பன்றியைப் பார்த்தான், கையிலிருந்த குழாயைப் பார்த்தான், மகேசனுக்குப் பின்னால் ஒவ்வொருவராக எழும்பி வரிசை பிடிக்கிற ஊரைப் பார்த்தான். தான் செய்த வேலை அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. “எத்தினை?” என்று மெதுவாகக் கேட்டான்.

“ஒண்டு. கிழக்கு. இந்த முறை ரயர் இல்லை.”

சிரிப்பு மரத்தைக் குலுக்கியது. அறுபத்துமூன்று பேர் கேட்டனான் என்றார்கள், அறுபத்துமூன்று தடவை அவன் இரண்டு கேள்வியும் கேட்டான், யோகமலரின் பேத்திக்கும் ஒரு பங்கு விழுந்தது, ஏனென்றால் அவ்வளவு பெரிதாக அழுதவள் கேட்கவில்லை என்று எவராலும் சொல்ல முடியாது. பூரணத்தை வரிசைக்கு ஒருவரும் கூப்பிடவில்லை. அவள் முக்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, கலியாண வீட்டுக்காரியைப் போல எல்லோரும் வாங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். றிம் சத்தம் வெடிச் சத்தம்தான் என்று அன்று பின்னேரம் அதிபர் கொப்பியில் எழுத, முதல் கையெழுத்தைக் குலசிங்கம் வைத்தான். குழாயைப் பூட்டிவிட்டால் பூரணம் இருக்கிறாள், கழட்டிவிட்டால் ஊர் இருக்கிறது, ஒருவரும் கேளாத வெடி என்று இனிமேல் அந்தக் காட்டில் ஒன்று இல்லை என்பதை அவனைவிட நன்றாக விளங்கிக்கொண்டவன் எவனுமில்லை.

அடுத்த நாள் காலை அவன் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அவளுடைய கொட்டில் வாசலில் வந்து நின்றான். அவள் ஒரு கார்புரேட்டரை ஊதிக்கொண்டிருந்தாள்.

“மச்சாள், அண்டைக்குக் கூட்டத்தில உன்னைப் பொய்காரி மாதிரிச் சொல்லிப்போட்டன்.”

“சொன்னனி. பிறகு?”

“பிறகு ஒண்டுமில்லை.” அவன் குழாயை உயர்த்திக் காட்டினான். “இதைப் பூட்டவோ, கழட்டவோ? நீ சொல்லு.”

“பூட்டு. றிம்முக்கு ஒரு குழந்தையும் வீரிட்டதில்லை.” அவள் கார்புரேட்டரைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்துக்கு நேரே திரும்பினாள். “நேற்றைய நாலாவது வெடி எப்பிடி இருந்தது?”

இருபத்தெட்டு வருஷம் வெடி வைத்தவனிடம் அதுவரை எவரும் அதைக் கேட்டதில்லை. அவன் குழாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் தோள் அகலத்துக்கு விரித்து, ஒன்றும் குறையாமல் ஒன்றும் கூடாமல் அளந்து, வெடிகாரனுக்குரிய நேர்மையோடு காட்டினான்.

பூரணம் அந்த இடைவெளியை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தாள். பிறகு எண்ணெய்க் கைகளைச் சீலையில் துடைத்துவிட்டு, கொட்டிலின் ஒரு மரத்தூணிலிருந்து மற்றத் தூணுக்கு விரல் நுனி முட்டும்வரை அவற்றை அகல விரித்தாள்.

“என்ரை இவ்வளவு,” என்றாள்.